வராத தேர்தல்

அவிநாசி பக்கம் எங்கள் ஊராட்சியில் நான் வார்டு உறுப்பினராக ஜெயித்தபோது, எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. முதல் கிராம சபையில் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் வயதானவர்கள். என் வயதில் ஒருவர்கூட இல்லை. அது உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் வீதியில் பனியன் கம்பெனிக்குப் போகும் பெண் ஒருத்தி இருந்தாள். கம்பெனி வேன் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஊருக்குள் வரும் ரோட்டில் விளக்கு கிடையாது. அடுத்த கிராம சபைக்கு வரச்சொல்லி அவளைக் கூப்பிட்டேன்.

"நான் வந்து என்னங்க்கா பண்றது? நீங்களே சொல்லிப்போடுங்க."

"இருட்டுல நடந்து வாரது நீதான கண்ணு? நீயே சொல்லு."

கூட வேலை செய்யும் பெண்களையும் அழைத்துக்கொண்டு வந்தாள். எழுந்து நின்றவள் தரையையே பார்த்தாள். ஊராட்சித் தலைவர், "சொல்லு அம்மணி, யாரும் கடிச்சுப்போட மாட்டாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு ரோசம் வந்துவிட்டது. "சிரிக்கறவங்க ஊட்டுப் பொண்ணுகளும் அந்த ரோட்டுலதானுங்க வருது" என்றாள். சிரிப்பு நின்றது. அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள். சில மாதம் அலைந்தபிறகு விளக்கும் வந்தது.

அதிலிருந்து அவள் ஒரு கிராம சபையையும் விடவில்லை. லீவு நாளில் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, வரவு செலவு படிக்கும்போது குறுக்கே கேள்வி கேட்பாள். ஒருநாள், "அடுத்த தடவ நான் நிக்கட்டுங்களாக்கா?" என்றாள். எனக்கு மனசு பூரித்துப்போய்விட்டது. அவள் அம்மாவிடம் பேசிச் சம்மதம் வாங்கினேன். தேர்தல் முடியட்டும் என்று மாப்பிள்ளை பார்ப்பதைக்கூடத் தள்ளிவைத்தார்கள்.

எங்கள் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை. அதிகாரி ஒருவர் ஊராட்சியைப் பார்த்துக்கொண்டார். ஊரை நகராட்சியோடு சேர்க்கப்போவதாகவும், வார்டெல்லாம் மாறும் என்றும் பேச்சு வந்தது. வேலைவிட்டு வரும்போது அவள் என் வீட்டு வாசலில் நின்று, "ஏதாச்சும் தகவலுங்களாக்கா?" என்று கேட்பாள். "வந்துரும் கண்ணு" என்பேன்.

அவள் அம்மாவால் அதற்குமேல் காத்திருக்க முடியவில்லை. கோபிசெட்டிபாளையம் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

போன மாதம் அம்மா வீட்டுக்கு வந்தவள் என்னையும் பார்க்க வந்தாள். அந்த ஊரில் கிராம சபைக்குப் போகிறாயா என்று கேட்டேன்.

"அங்க என்னைய யாருக்குங்க்கா தெரியும்? நான் எந்திரிச்சுப் பேசுனா, என்ன உங்க மருமவ இப்படீன்னு மாமியாருகிட்டதான் வந்து கேப்பாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காப்பியைக் குடித்துவிட்டு, எங்கள் முருங்கையில் நாலு கொத்துக் கீரை ஒடித்துக்கொண்டு கிளம்பினாள்.

பக்கத்து வீதியில் இப்போது கல்லூரி முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். யாரிடமும் துணிந்து பேசுகிறாள். தேர்தல் வந்தால் நிற்கிறாயா என்று அவளைக் கேட்க நினைப்பேன். இதுவரை வாய் வரவில்லை.