சிசிலியா ரீச்சர் எழுதிய பள்ளிக்கூடக் கடிதம்

செவ்வாய்க்கிழமை முதலாம் பாடம் முடியும் நேரம் அதிபர் ஆசிரியர் அறைக்குள் வந்து, "சிசிலியா ரீச்சர் விடிய மோசம் போயிட்டா" என்றார். அவர் இறந்த செய்தி கேட்டு எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, பயம். ரீச்சர் தந்த கடிதம் இன்னும் என் கைப்பைக்குள் கிடந்தது. அவரோடு படிப்பித்த உங்களுக்கு இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அவர் கத்தோலிக்கர். குருநகரிலிருந்து பஸ் ஏறி இத்தனை வருடமாக எங்கள் சைவப் பள்ளிக்கு வந்தவர். காலைத் தேவாரத்துக்கு எங்களோடு கைகூப்பி நிற்பார். பூசினால் என்ன என்று புதிதாக வந்த ஆசிரியை ஒருத்தி விபூதித் தட்டை நீட்டியபோது, "நான் பூசினால் உங்களுக்கும் பொய், எனக்கும் பொய். தட்டை நான் பிடிக்கிறன், நீங்கள் பூசுங்கோ" என்று சிரித்தார்.

ஜேர்மனியில் இருக்கும் என் தங்கையின் மகளுக்குப் பத்து வயது. அங்கே ஐந்தாம் வகுப்புக்கு எல்லாப் பிள்ளைகளும் பள்ளி மாற வேண்டும். நிறத்தைச் சொல்லி அவளைக் கேலி செய்த பிள்ளைகள் எல்லாரும் அரச பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறார்கள். வீட்டுக்குக் கிட்ட கன்னியாஸ்திரிகள் நடத்தும் தனியார் பள்ளி ஒன்று உண்டு. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கே அங்கே முன்னுரிமை. "அக்கா, பிள்ளை காலமையிலை வயித்துக்குத்து எண்டு அழுறாள். உங்கடை ரீச்சரைப் பிடிச்சு ஒரு ஞானஸ்நானக் கடிதம் எடுத்துத் தாங்கோ" என்று தங்கை போனில் அழுதாள். வெட்கத்தை விட்டு ரீச்சரிடம் கேட்டேன்.

ரீச்சர் கோபிக்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தார். "பொய்க் கடிதத்தோடை போற பிள்ளை ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டெல்லோ இருக்கும்?" என்றார். மறுநாள் தானே ஆங்கிலத்தில் எழுதிய கடிதமொன்றைத் தந்தார். "இந்தப் பிள்ளை சைவம். நான் சைவப் பள்ளியில் படிப்பிக்கும் கத்தோலிக்கப் பெண். என்னை ஒருவரும் மாறச் சொல்லவில்லை. இவளையும் இவளாகவே வைத்துப் படிப்பியுங்கள்" என்று அதில் இருந்தது.

சைவம் என்ற சொல்லைக் கண்டதும் எனக்கு மனம் விட்டுப்போயிற்று. இதைப் போட்டால் இடம் கிடைத்த மாதிரித்தான் என்று நினைத்து அனுப்பாமல் விட்டேன். "அனுப்பியாச்சோ?" என்று கேட்டார். "ஓம் ரீச்சர்" என்றேன். பிறகு ஒவ்வொரு வெள்ளியும், "மறுமொழி வந்ததோ? பூசையிலை பிள்ளையைச் சொல்லி மன்றாடுறன்" என்பார். நான் தலை நிமிராமல் கொப்பி திருத்துவேன்.

அடக்கத்தன்று அவருடைய தங்கை என் கையைப் பிடித்தார். "நீங்கள்தானே ஜேர்மனிப் பிள்ளையின்ரை பெரியம்மா? இடம் கிடைச்சிட்டுதோ எண்டு அக்கா திங்கட்கிழமையும் கேட்டவ."

வீட்டுக்கு வந்ததும் கடிதத்தைப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். விண்ணப்பம் மூட இரண்டு நாள்தான் இருந்தது. "அக்கா, இதைப் பாத்திட்டு இடமில்லை எண்டு சொன்னால்?" என்று கேட்டாள்.

"எனக்கும் பயம்தான். அனுப்பு" என்றேன்.

பதில் இன்னும் வரவில்லை. பயந்துகொண்டும் உண்மையைச் சொல்லலாம் என்பதுதான் ரீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது. அதை அவரிடம் மட்டும் நான் ஒருநாளும் செய்யவில்லை.