பூட்டக்கா போட்ட கோடு

நாற்காலியில் உட்காருமுன் அதை இரண்டு முறை ஆட்டிப் பார்க்கிறார் பூட்டக்கா. நான்கு காலும் சரியாக இருந்தாலும் சாய்ந்து உட்காருவதில்லை. அடுத்தவர் போட்டு வைத்த நாற்காலியாயிற்றே.

கடலில் நண்டுக்கூண்டு இறக்குகிறவர்கள் அடையாளத்துக்கு மிதவை கட்டுவார்கள். இவர் கூண்டுக் கதவுக்குப் பூட்டும் போடுவார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். "நண்டுகிட்ட சாவி குடுத்திருக்கீங்களாக்கா?" என்று படகுக்காரர்கள் சீண்டினால், "நண்டை நம்பலாம். அதைத் திங்கிறவங்களைத்தான் நம்ப முடியாது" என்பார் சிரிக்காமல். பெற்ற மகன் பிடித்து வந்த நண்டையும் மல்லாத்தி, வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் போடுவார். வீட்டுக்காரர் பாடு பாவம்தான்.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவர் என்பதால்தான் சிறுபடகுக்காரர்கள் இவரைப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பினார்கள். நண்டு மேயும் கடலடி மேட்டைச் சிறுபடகுகளும் பெரிய கப்பல்களும் இருபது வருஷத்துக்குப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மேட்டில் ஒரு பக்கம் மணல், மறுபக்கம் பாறை. பாறையில் கூண்டு சிக்கினால், கையால் இழுக்கிற சிறுபடகு கயிற்றை அறுத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். மணல் கிடைக்காவிட்டால் பாதிப் பேர் படகை விற்றுவிட வேண்டியதுதான்.

ஏற்பாடு இதுதான்: ஒரு தரப்பு வரைபடத்தில் கோடு போடும், எந்தப் பக்கம் வேண்டும் என்று மறு தரப்பு சொல்லும். கையெழுத்து விழும்வரை கோட்டை மாற்றலாம். கோடு போடுவது அக்கா. கப்பல்காரர்கள் சார்பில் எதிரே உட்கார்ந்திருந்தது அவருடைய கூடப்பிறந்த தம்பி.

கப்பல்காரர்கள் மணலைக் கேட்டுவிடக் கூடாதே என்று, பாறைப் பக்கத்தைத் தாராளமாக விட்டுப் பென்சிலால் கோடு போட்டார். தம்பி குனிந்து பார்த்தான்.

"பாறைப் பக்கம் எங்களுக்கு."

பின்வரிசையில் படகுக்காரர்கள் மூச்சு விட்டார்கள். அக்கா வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, கோட்டை மறுபடி பார்த்தார்.

"யோசிக்கவே இல்லையேடா?"

"இதுல என்னக்கா இருக்கு? எங்ககிட்ட இழுக்க மெஷின் இருக்கு. உங்களுக்கு மணல்தானே வசதி?"

"எனக்கு எது வசதின்னு உனக்கு யாரு சொன்னா?"

"நானும் அந்தப் படகுல வளர்ந்தவன்தானே."

சின்ன வயதிலிருந்தே தம்பி பொய் சொன்னால் காது சிவந்துவிடும். காதைப் பார்த்தார். சிவக்கவில்லை. பொய் பழகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை கோடு போட்டா என் பேச்சு எடுபடாதுக்கா" என்றான் தம்பி, குரலைத் தாழ்த்தி. "முதலாளிங்க மணலைத்தான் கேக்கச் சொன்னாங்க."

பின்னாலிருந்து மகன், "அம்மா, கையெழுத்தைப் போடும்மா" என்றான்.

பூட்டக்கா ரப்பரை எடுத்து, கோட்டை ஒரு முனையிலிருந்து அழிக்கத் தொடங்கினார்.