பாரிக்கின் தவறிப்போன பிறந்தநாள்

தபர்க்கா துறைமுகத்தில் பாரிக்கின் வீட்டுக்கு யாரும் வழி சொல்லத் தேவையில்லை, மூக்கே போதும். மீனைக் கீறி உப்பில் அடுக்குவது அவன் தொழில். ஞாயிறு விடியலில் எங்கள் கிறிஸ்தவச் சபைக்கு வரும்போது குளித்துத்தான் வருவான். ஆனாலும் அவனுக்கு இருபுறமும் இடம் காலியாகவே இருக்கும். "பரவால்ல, காலை நீட்டிக்க வசதி" என்று சிரிப்பான்.

அந்தச் சபையில் நான் வாசகன். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்களின் வரலாற்றை, ஆண்டுதோறும் அவர்கள் இறந்த நாளில், எல்லோரும் கேட்க வாசிப்பது என் வேலை. அதை நாங்கள் இறந்தநாள் என்பதில்லை, பிறந்தநாள் என்போம். அவர்களைச் சாட்சிகள் என்போம். கல்லறைப் பக்கத்தில் ரொட்டியும் திராட்சரசமும் அவரைக் கூழுமாக விருந்து நடக்கும், அழக் கூடாது.

பேரரசரின் ஆணை வந்தது ஒரு வசந்த காலத்தில். எல்லோரும் கோயில் மேட்டுக்குப் போய், தேவர்களுக்கு ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டு, போட்டதற்குச் சீட்டு வாங்க வேண்டும். எங்கள் சபையில் பாதிப் பேர் போனார்கள். பாரிக்கின் மனைவி தாத்திவாவுக்கு முஸ்துலூஸ் என்று ஒரு தம்பி. அவன் முதல் நாளே போய்விட்டான். மீதிப் பேர் மலைக்காட்டுக்கு ஓடினோம். நானும் ஓடினேன், தாத்திவாவும் வந்தாள். பாரிக் மட்டும், பாதி உப்புப் போட்ட மீனை விட்டு வர மனமில்லாமல் தங்கிவிட்டான். மூன்றாம் நாள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சீட்டு எழுதும் எழுத்தர் அவனிடம் மீன் வாங்குகிறவர், நல்ல மனுஷர்.

"பாரிக், நீ சாம்பிராணியத் தொடவே வேண்டாம்யா. போட்டதா நான் எழுதித் தரேன். வாங்கிட்டுப் போய்க்கிட்டே இரு."

"ஐயா, முந்தாநாள் புடிச்ச மீன இன்னைக்குப் புடிச்சதுன்னு உங்ககிட்டயே வித்திருக்கேன். ஆனா இந்தப் பொய் மட்டும் தொண்டையில எறங்க மாட்டேங்குது."

எழுத்தருக்குச் சாம்பிராணியைவிட மீன் விஷயத்தில்தான் அதிகக் கோபம் வந்ததாம். அன்றே அவனை விலங்கு மாட்டி, மாகாணத் தலைநகரான கார்த்தேஜின் சிறைக்குக் கப்பலேற்றினார்கள்.

ஒன்பது மாதம் ஒரு தகவலும் இல்லை. கெடுபிடி தளர்ந்து நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, ஒரு மாலுமி வந்து, தபர்க்கா மீன்காரர் சிறையில் பட்டினியால் செத்துப்போனார் என்றான். தாத்திவா அழத் தொடங்கினாள். சபைப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "அழாதடி, இது அவருக்குப் பொறந்தநாள்" என்றார்கள்.

"பொறந்தநாள்ங்கிறீங்க. எனக்கு ஆளக் காணோமே!" என்றாள் அவள்.

உடல் கிடைக்கவில்லை. ஆனாலும் ஊர்வாசலுக்கு வெளியே கல் நட்டோம். அதில் அவன் பெயர், ஒரு மாலை, ஓர் ஈச்சங்கிளை எல்லாம் செதுக்கினோம். குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தவனுக்குக் கொடுப்பார்களே, அந்தக் கிளைதான். செத்தவன் தோற்கவில்லை, ஜெயித்துவிட்டான் என்பது அதன் பொருள். நான் இரண்டு வாரம் உட்கார்ந்து அவன் வரலாற்றை எழுதினேன்.

முப்பதாம் நாள் கல்லைச் சுற்றி விருந்து. கூழைப் பரிமாறிக்கொண்டிருந்தபோது, துறைமுகப் பாதையில் எலும்பும் தோலுமாக ஓர் ஆள் வந்தான். கல்லைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான்.

"யாரு செத்தது?"

தாத்திவாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. சிறையில் செத்தது வேறோர் ஊர் மீன்காரன், மாலுமி ஊரைக் குழப்பிவிட்டான். புது அதிகாரி வந்து, மீதமிருந்தவர்களை வெளியே விரட்டியிருக்கிறார்.

"யோவ் மனுசா, உனக்குத்தான்யா இந்த விருந்து!" என்று அவள் அவன் மார்பில் குத்திக் குத்தி அழுதாள். அன்று அழக் கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"எனக்கா? அப்ப எனக்கு ஒரு தட்டு வைங்க முதல்ல" என்று உட்கார்ந்தான். மூன்று தட்டு கூழ் குடித்துவிட்டு, ஈச்சங்கிளையை விரலால் தடவினான். "நல்லாத்தான் செதுக்கியிருக்கீங்க. மீன் முள்ளு மாதிரியே இருக்கு."

மறுநாளே அந்தக் கல்லை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போய், எழுத்துப் பக்கத்தைக் கீழே போட்டு, அதன்மேல் மீன் கீறத் தொடங்கினான்.

அதன்பின் அவனுக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. விலங்கு பதிந்த தழும்பைப் பெண்கள் முத்தமிட்டார்கள். காலியாக இருந்த அந்த இடத்தில் இப்போது நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாம்பிராணி போட்டவர்கள் சபைக்குள் வர முடியாது. வாசலுக்கு வெளியே நின்று மனம் வருந்த வேண்டும். அவர்களெல்லாம், "நீங்க ஒரு வார்த்தை சொன்னா மன்னிச்சுருவாங்க" என்று அவனைத் தேடி வந்தார்கள். முஸ்துலூஸ் மட்டும் வரவில்லை. மாமாவைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுவான்.

சாகாவிட்டாலும் சாட்சி சாட்சிதான், எழுதியதை வாசியுங்கள் என்றார் சபைத் தலைவரான ஆயர். வாசித்தேன். "பசியால் வாடிய பாரிக்கின் முன் ஒரு பேரொளி தோன்றியது. அவன் ஒரு கணமும் கலங்கவில்லை..."

"கலங்கினேன்" என்றது ஒரு குரல்.

பாரிக் எழுந்து நின்றான். "வாசகரே, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா அந்த எடத்துல சன்னலே கெடையாது, ஒளி எங்க வரும்? ஆறாம் மாசம் ரெண்டு நாளா கஞ்சி வரல. ஒரு மத்தியானம் கதவத் தட்டினேன். காவக்காரன் வந்தான். 'சாம்பிராணி கொண்டா, போட்டுடறேன்'ன்னேன். அவன் கையில ரொட்டி. 'இரு, சாப்ட்டு வரேன்'னு போயிட்டான்."

பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நிதானமா சாப்புடற ஆளு அவன். அதுக்குள்ள பக்கத்துல கெடந்தவன் என் கையப் புடிச்சுக்கிட்டான். ரெண்டு பேரும் அழுதோம். காவக்காரன் வந்து, 'வா, போடு'ன்னான். 'வேண்டாம், போ'ன்னேன். 'பைத்தியக்காரா'ன்னு திட்டிட்டுப் போனான். அவன் அவசரமா தின்னிருந்தா, நானும் இப்ப வாசலுக்கு வெளியதான் நின்னுருப்பேன், என் மாப்ள பக்கத்துல."

முதலில் சிரித்தது தாத்திவா. "அந்தக் காவக்காரன் நல்லா இருக்கட்டும்! இன்னொரு ரொட்டி கெடைக்கட்டும்!" சபையே சிரித்தது. ஆயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஒளிய அடிச்சிருங்க, வாசகரே. ரொட்டிய எழுதுங்க."

எனக்குச் சற்று வருத்தம்தான். அந்த ஒளிக்கு மட்டும் மூன்று நாள் உழைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு பாரிக் உள்ளே வரவில்லை. வெட்கத்தில் வர மறுத்த முஸ்துலூஸை வீட்டிலிருந்து இழுத்து வந்து, அவனோடு வாசலுக்கு வெளியே நின்றான். மழையிலும் நின்றான். ஆயர் இருமுறை கூப்பிட்டும், "இங்கயும் நல்லாத்தான் கேக்குது, ஐயா" என்றான். உள்ளே உட்கார்ந்திருந்த எங்களுக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

"உள்ள போங்க மாமா, நாத்தம் தாங்கல" என்று முஸ்துலூஸ் கெஞ்சுவது நான் வாசிக்கும் இடம்வரை கேட்கும்.

"பொறுத்துக்கோ மாப்ள. அதையும் தண்டனையில சேத்துக்கோ."

ஒன்றரை வருடம் கழித்து, உயிர்ப்புப் பெருநாளன்று முஸ்துலூஸைச் சேர்த்துக்கொண்டார்கள். இருவரும் சேர்ந்தே படி ஏறினார்கள். அப்பத்தை வாங்க முஸ்துலூஸ் கையை நீட்டினான். பாரிக் அவன் முழங்கையைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டான்.

அதன்பின் பத்தொன்பது வருடம் உயிரோடு இருந்தான் பாரிக். காய்ச்சலில், தன் கட்டிலில், மனைவியோடு எதற்கோ வாதாடிக்கொண்டிருந்தபோது போனான். பாடையைத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவன் முஸ்துலூஸ். வழியெல்லாம் மாமாவைப் பற்றி ஏதேதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே நடந்தான். கண்ணைத் துடைக்க அவனுக்குக் கை ஒழியவில்லை.