சம்மாந்துறையில் எங்கே?

வங்கி விஷயத்தில் என்னைப்போல் கவனமானவன் ஊரில் இல்லை. இதை வேறு யாரும் சொன்னதில்லை, நானே சொல்லித் திரிந்தேன். தெரியாத இணைப்பைத் தொடமாட்டேன். என் கடவுச்சொல் அவ்வளவு சிக்கலானது, எனக்கே மறந்துபோகும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் எச்சரிக்கை அனுப்புவேன். மச்சான்மார் வாசிக்காமலே பெருவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள்.

கணக்கில் கிடந்தது மகளுக்குக் கட்டும் வீட்டின் கூரைக்கான காசு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்கவேண்டும். மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். சுவர் எழும்பிவிட்டது, கொங்கிறீட் போடுவதுதான் பாக்கி.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன், போன் அடித்தது. ஸலாம் சொல்லி, வங்கியிலிருந்து கதைப்பதாகச் சொன்னான் ஒருவன். எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. கள்ளனைக் கையோடு பிடிக்கிறேன் பார் என்று விசாரணையைத் தொடங்கினேன்.

"நீங்க எந்த ஊர்?"

"சம்மாந்துறை, சேர்."

"சம்மாந்துறையில எங்க?"

அவன் கொஞ்சம் தயங்கினான். எனக்குப் பொறுக்கவில்லை. "அரிசி மில்லடியா?"

"ஓம், மில்லடிதான்."

"அப்ப நம்மட மில்லுக்கார மாமாட சொந்தமா?"

"ஓம், மாமாதான்."

"கலியாணம் முடிச்ச எங்க? சாய்ந்தமருதா?"

"ஓம் நானா, சாய்ந்தமருது."

சேர் நானாவாகி, அவனுக்கு அண்ணன் முறையாகிவிட்டதில் எனக்கு ஒரே குளிர்ச்சி. ஒரு ஆளின் ஊரும் வீடும் தெரிந்துவிட்டால் அவன் அந்நியனில்லை என்பது எங்கள் வழக்கம். எல்லாப் பதிலையும் நானே சொல்லிக்கொடுத்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. முறைப்படி என்னைப் பற்றியும் அவனுக்குச் சொல்லவேண்டாமா? சொன்னேன். வீடு இருக்கும் ஒழுங்கை, நானும் மனைவியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பது, மகளின் பெயர், அவள் சோதனைக்குப் படித்துக்கொண்டு பகலில் வீட்டைப் பார்த்துக்கொள்வது, கூரைக் காசு உட்பட எல்லாம். அவன் "மாஷா அல்லாஹ்" என்று நல்ல இடங்களில் சொன்னான். எங்கள் வகுப்புகளில் இப்படி யாரும் கேட்பதில்லை.

பிறகுதான், கணக்கு நின்றுபோகாமல் இருக்க ஒரு இலக்கம் வரும், அதை வாசித்துச் சொன்னால் போதும் என்றான். அந்த இலக்கம் மனைவியின் போனுக்குத்தான் வரும். பாதுகாப்புக்காக நான் செய்த ஏற்பாடு அது. அவளைக் கூப்பிட்டேன்.

"ஆருக்கு?" என்றாள்.

"நம்மட ஆள்தான். சம்மாந்துறை மாமாட சொந்தம்."

என் போனை வாங்கிக் காதில் வைத்தாள். "தம்பி, உங்கட உம்மாட பேரென்ன?"

கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றாள். அவன் பக்கமும் சத்தமில்லை. பாவம், பிள்ளை தடுமாறுகிறானே என்று உதவிக்கு நான் வாய் திறந்தேன். அவள் கையைக் காட்டி என்னை அடக்கினாள். அழைப்பு அறுந்தது.

வெட்கத்தில் கூசிப்போனேன். அதை மறைக்க உடனே வங்கிக்கு அறிவித்தேன், கடவுச்சொல்லை மாற்றினேன், குழுவில் புதிய எச்சரிக்கை ஒன்றையும் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். "காசு தப்பிச்சிட்டு, அல்ஹம்துலில்லாஹ்," என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

மகள் அறை வாசலில் நின்றிருந்தாள். "வாப்பா, என்ட பேரையும் சொன்னீங்களா?"

"ஓம்."

"பகல்ல நான் தனிய இரிக்கிறதையும்?"

அதற்கும் ஓம்தான். அதைப் பெருமையாகச் சொல்லியிருந்தேன். என் மகள் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். மாற்றிய கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டபோது அவளும் புத்தகங்களை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். என் மனைவியின் தங்கை, அவளுடைய சாச்சி வீட்டில் இறக்கிவிடச் சொன்னாள்.