பத்து விரலும் ஒரு முழம் சிவப்புக் கயிறும்

கல் அறுக்கும் கட்டரை யார் வேண்டுமானாலும் விற்கலாம். வாங்கியவரின் விரல்கள் அடுத்த மாதமும் பத்தாகவே இருக்கும்படி அதைப் பொருத்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. தொண்ணூறுகளின் கடைசியில், தில்லிக் கடை ஒன்றுக்காக வீடு வீடாகப் போய் இதைச் செய்துகொண்டிருந்தேன். 'இப்படிப் பண்ணாதீங்க' என்று யாரிடமாவது சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர் நீங்கள் என்றால், நாம் ஒரே கட்சி.

எட்டாம் பக்கம்

மயூர் விஹாரில் சங்கரலிங்கம் சாரின் புது ஃப்ளாட். திருநெல்வேலிக்காரர், மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெறப் போகிறவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் நாள் நெருங்கிவிட்டது. தரையில் பாதி மார்பிள்கூடப் போட்டபாடில்லை. கல் பதிக்கும் மிஸ்திரி சிவ்லாலின் பழைய கட்டர் புகைந்து போனதால், சாரே புதிதாக ஒன்று வாங்கிவிட்டார்.

நான் போவதற்குள் கையேட்டை ஃபைல் மாதிரிப் படித்து, பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். பிளேடின் அம்புக்குறி மெஷினின் அம்புக்குறியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன், ஒரு டிக். நட்டை ஸ்பேனரால் இறுக்கினேன், இன்னொரு டிக். பிளேடின் மேல்பாதியை மறைக்கும் இரும்பு மூடியை, அதாவது கார்டை, மாட்டித் திருகினேன். கார்டைப் பற்றிய எச்சரிக்கை வந்த பக்கத்தில் பென்சில் நின்றுவிட்டது. சார் கோபமாகச் சொன்னார்: "வெரலு போற விஷயத்தை எட்டாம் பக்கத்துல போட்டா எவன் படிப்பாங்கேன்?"

பிளக் எங்கே?

கை கழுவிவிட்டு வருவதற்குள் பிளக்கைக் காணோம். சிவ்லால் அதை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு கம்பியை சாக்கெட்டில் விட்டு, தீக்குச்சிகளைச் செருகி இறுக்கியிருந்தார். எர்த் கம்பி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மார்பிளை அறுக்கும்போது தண்ணீர் வேறு ஊற்றுவார்கள்.

பிளக்கைத் தேடி எடுத்து மறுபடி பூட்டினேன். சிவ்லால் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிளக்னா எவனாவது திருடிட்டுப் போயிடுவான் பாபுஜி. மாச்சிஸ் குச்சியை எவன் திருடுவான்?"

தாமரை

கல்லில் வைக்கும் முன் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அதிசயம்தான்: பிளேடின் பற்கள் கண்ணெதிரே காணாமல் போய், வெறும் காற்று பளபளக்கும். அந்தப் பிரமிப்பெல்லாம் சிவ்லால் மெஷினைக் கையில் வாங்கும் வரைதான். பூஜை அறைத் தரைக்குக் கறுப்புக் கல்லில் ஒரு தாமரை வேண்டும் என்று சார் கேட்டிருந்தார். கோடு போடாமல், மூச்சை அடக்கி, வெண்ணெயை வழிப்பது மாதிரி சிவ்லால் ஒரு இதழை அறுத்து எடுத்தார். வெள்ளை மார்பிளில் பதித்தபோது இடுக்கில் தலைமுடிகூட நுழையவில்லை. அப்படி ஒரு கையை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆனால் அறுக்கும் முன் அவர் செய்த முதல் காரியம், கார்டைக் கழற்றியது. அந்தக் கையின் அருமை தெரிந்த பிறகு என் பயம் இரண்டு மடங்காயிற்று. மாட்டச் சொல்லி மூன்று தரம் சொன்னேன், சிவ்லால் கேட்கவில்லை. "இதழோட நுனி தெரியணும் பாபுஜி. உங்க மூடி என் கண்ணை மூடுது."

கயிறு

மறுநாள் புது மெஷினுக்குப் பூஜை. சிவ்லால் லட்டு, குங்குமம், சிவப்புக் கயிறு எல்லாம் கொண்டுவந்தார். கயிற்றை நானே கேட்டு வாங்கினேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்டை மாட்டி, அதன் திருகைச் சுற்றிக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். தொங்கும் நுனிகளை ஒட்ட நறுக்கினேன். கார்டைக் கழற்ற வேண்டுமானால் சாமிக் கயிற்றை அறுக்க வேண்டும். சிவ்லால் என்னையும் பார்த்தார், கயிற்றையும் பார்த்தார். தலையைச் சாய்த்துச் சாய்த்து அறுக்க ஆரம்பித்தார்.

நான்காம் நாள் சார் கடைக்கு ஃபோன் செய்தார். விழுந்தடித்து ஓடினேன். பிளேடின் பல் ஒன்று தெறித்திருந்தது. கார்டில் கட்டைவிரல் அளவுக்குப் பள்ளம், சரியாக சிவ்லாலின் முகத்துக்கு நேரே. அவர் கைகளைப் பிடித்து விரல்களை எண்ணினேன். பத்தும் இருந்தன; இரண்டு கண்ணும் இருந்தன. நான்தான் தாமரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். சிவ்லால் மெஷினைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்க கட்டின கயிறுதான் காப்பாத்திச்சு பாபுஜி. அதுக்கு என்ன சக்தி, பார்த்தீங்களா!"

அடி வாங்கிய கார்டுக்கும் அதை மாட்டிய எனக்கும் கிடைக்காத கும்பிடு ஒரு முழம் நூலுக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து என் பையில் ஸ்பேனர் இருக்கிறதோ இல்லையோ, ஒரு உருண்டை சிவப்புக் கயிறு இல்லாமல் நான் வேலைக்குக் கிளம்பியதே இல்லை.