அடுத்த அமர்வுக்கு வைத்துக்கொண்ட வார்த்தை

வக்கீலம்மாவுக்குக் குரல் எழும்பாது. தொழிலுக்கு வந்த புதிதில் நீதிபதி மூன்று தடவை "சத்தமாப் பேசுங்கம்மா" என்றார். நான்காம் தடவை சொல்லவில்லை; எதிர்த்தரப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்க வக்கீலம்மா வாதாடினா ஃபேன் சத்தம்தான் ஜெயிக்கும்" என்று குமாஸ்தாவே கேலி செய்வார்.

அதனால் அவர் சமரச வழக்குகளுக்கு ஒதுங்கினார். நீதிமன்றத்தின் பின்பக்கம் அதற்கென்று அறைகள் உண்டு. இரண்டு தரப்பும் சேர்ந்து உட்காரும். பேச்சு முற்றினால் ஆளுக்கொரு அறைக்குப் பிரிந்து போகும். சமரசர் இரண்டுக்கும் நடுவே நடப்பார். அங்கே கத்த வேண்டியதில்லை. இருபத்தாறு வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட சூட்சுமம் ஒன்றுதான்: கட்சிக்காரர் எதுவரை இறங்கி வருவார் என்பதை முதல் அமர்வில் வெளியே விடக் கூடாது. விட்டால் எதிராளி அங்கிருந்துதான் பேரத்தையே தொடங்குவான்.

அப்படி அவரிடம் வந்த ஒரு பெண் கட்சிக்காரர் மருந்துக்கடையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கல்யாணம் ஆகாதவர். அப்பாவின் வீட்டில் பாதி கேட்டுத் தம்பிமேல் வழக்குப் போட்டிருந்தார். அக்காவும் தம்பியும் பேசி ஒன்பது வருடம். முதல் அமர்வில் கால் மணி நேரத்திலேயே தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சமரசர் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்.

கதவைச் சாத்தியதும் அக்கா சொன்னார்: "வீடு அவனுக்கே போகட்டும் வக்கீலம்மா. எனக்குப் பாகமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"அப்புறம் ஏம்மா கேஸ் போட்டீங்க?"

"வேற எப்படி அவன வரவழைக்கிறது? லெட்டர் போட்டாக் கிழிச்சுப் போடறான். சம்மன் போனாத்தானே துரை வர்றாரு!" சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, "ஒரு தடவ அக்கான்னு கூப்பிடச் சொல்லுங்க. கேட்ட எடத்துல கையெழுத்துப் போடறேன்."

அவர் கையில் ஊசி ஏற்றிய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. வக்கீலம்மா அதைப் பார்த்தார். கேட்கவில்லை.

"இன்னைக்கே சொன்னா இளக்காரமாப் போயிடும்மா. அவரும் கொஞ்சம் இறங்கட்டும். அடுத்த அமர்வுல பாத்துக்கலாம்."

"நீங்க படிச்சவங்க. நல்லதாப் பாத்துச் செய்யுங்க."

சமரசர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "ஏதாச்சும் விட்டுக்கொடுக்கறாங்களா?"

"சரிபாதிக்குக் கொறஞ்சு பேச்சே இல்ல" என்றார் வக்கீலம்மா.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையிலிருந்து தம்பியின் குரல் கேட்டது: "பாத்தீங்களா, ஒத்தக்கட்டைக்கு எவ்வளவு பேராசை!" அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தார்.

அடுத்த அமர்வு சமரசருக்கு விடுப்பு என்று தள்ளிப்போனது. அதற்கடுத்தது எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்று தள்ளிப்போனது. மூன்றாவது தேதிக்கு நாலு நாள் முன்னால் அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண் போன் செய்து, ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டதாகச் சொன்னாள்.

வழக்கு நீதிமன்றத்துக்குத் திரும்பியது.

"வாதிக்கு வாரிசு யாரு?" என்றார் நீதிபதி.

"பிரதிவாதிதாங்க, அவங்க தம்பி" என்றார் வக்கீலம்மா. " வேற யாருமில்ல."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்ப யார்கிட்ட வாங்கி யாருக்குக் குடுக்கறது? முடிச்சிடலாம்." இரண்டு நிமிடம் ஆகவில்லை.

வராந்தாவில் தம்பி எதிரே வந்தார். சவரம் செய்யாத முகம். "சாகற வரைக்கும் பாதி பாதின்னே இருந்துட்டா பாத்தீங்களா? செங்கல்லயா கட்டிக்கிட்டுப் போனா?"

கட்சிக்காரர் தனியாகச் சொன்னதை வெளியே விடக் கூடாது. அவர் செத்தாலும் கூடாது. பேசாமல் போயிருந்தால் வக்கீலம்மாவின் தப்பும் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் இந்த மனிதர் அந்தப் பழியோடுதான் அக்காவை நினைப்பார், ஆயுசுக்கும்.

"பாதி கேட்டது அவங்க இல்ல. நான்" என்றார். மிச்சத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சம்மன், கையெழுத்து, அக்கா என்ற ஒரு வார்த்தை.

தம்பி சுவரில் கை வைத்துக்கொண்டார்.

"நான் பக்கத்து ரூம்லதானே இருந்தேன்."

"ஆமாங்க."

"அன்னைக்கிருந்த கோவத்துக்குக் கூப்பிட்டிருக்க மாட்டேன்னுதான் நெனைக்கிறேன்." சுவரிலிருந்து கையை எடுத்தார். "ஆனா மாட்டேன்னு நான்ல சொல்லணும்? நீங்க யாரு எனக்குப் பதிலா சொல்றதுக்கு?"

தம்பி படியிறங்கிப் போனார். கட்சிக்காரர்கள் வந்து காத்திருப்பதாகக் குமாஸ்தா இரண்டு தடவை வந்து சொன்னார். வக்கீலம்மா உள்ளே போகாமல் வராந்தாவிலேயே நின்றார்.