வரப்பில் கழற்றி வைத்த செருப்பு

இசைவாணியை அவள் அம்மா நடவு நட்டுத்தான் நர்சிங் படிக்க வைத்தாள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்துத் துணைச் சுகாதார நிலையத்தில் ஏழு வருஷமாக வேலை. டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். மற்ற நாளெல்லாம் பிரஷர் பார்ப்பது, சர்க்கரைக்கு மாத்திரை கொடுப்பது, யாரைத் தஞ்சாவூருக்கு அனுப்புவதென்று முடிவு செய்வது எல்லாம் அவள்தான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மாத்திரையை விட்டவர்களை வீடு தேடிப் போய்த் திட்டிவிட்டு வருவாள்.

அவளிடம் திட்டே வாங்காத ஆள் பூவம்மாள். இருபது பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நடவுக்குப் போகிறவள். பன்னிரண்டு வருஷச் சர்க்கரை; ஒரு வேளை மாத்திரை தப்பாது.

சித்திரையில் ஒரு நாள் வாணி, நைலான் இழையால் அவள் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"தெரியுதா அத்தை?"

"நீ தொடு ஆயி, சொல்றேன்."

வாணி அதற்குள் பத்து இடம் தொட்டு முடித்திருந்தாள். மேலே எழுதிப் போட்டு, மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வரவழைத்துக் கொடுத்தாள்.

"இது இல்லாம ஓரடி வைக்கக் கூடாதுங்க அத்தை. முள்ளு குத்தினாக்கூட உங்க காலுக்குத் தெரியாது."

"நீ சொல்லி நான் தட்டியிருக்கேனா?"

தட்டவில்லைதான். தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கியதும் வயல்வரை செருப்போடு போனாள். வரப்பில் ஜோடியாகக் கழற்றி வைத்தாள். சேற்றில் இறங்கினாள். செருப்புக் காலோடு வயலில் யார் இறங்குவார்கள்? அம்மாவோடு நாற்றுமுடி சுமந்த வாணிக்கு இது தெரியாதா என்ன?

தெரியும். வண்டியில் போகும்போது வரப்பில் அந்த நீலச் செருப்பைப் பார்த்தாள். நின்றாள். இந்த வருஷம் நட வேண்டாம் என்று ஒரு நடவுக்காரியிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. பூவம்மாள் சிரித்தாள், இவளும் கையசைத்துவிட்டுப் போனாள். ஒரு நாளில்லை, பதினோரு நாள் இப்படியே போனாள்.

பன்னிரண்டாம் நாள் பூவம்மாள் காய்ச்சலோடு வந்தாள். இடது உள்ளங்காலில் உடைந்த நத்தை ஓடு ஆழப் புதைந்து, சுற்றிலும் கறுத்துக் கிடந்தது. ஆம்புலன்ஸில் வாணியும் கூடவே ஏறினாள். தஞ்சாவூரில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஊர் திரும்பிய பிறகு கட்டு மாற்ற வாணிதான் போனாள். துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கே உங்களைக் கரையேறச் சொல்லியிருக்கணும் அத்தை. பாத்துட்டுப் பேசாம போனேன். என் தப்புதான்."

"உன் மேல என்ன ஆயி தப்பு? நீ சொன்னபடி ஒரு நாள்கூட போடாம இருந்ததில்ல. வயல்லதான் கழட்டுவேன்."

பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுக்கச் சொன்னாள். உள்ளே கழுவித் துடைத்த ஒற்றைச் செருப்பு, இடது காலுடையது.

"புதுசாவே இருக்கு பாரு. வலது கால் இல்லாதவங்க யாராச்சும் வந்தா குடு."

வாணி அதை மடியில் வைத்துக்கொண்டு, பூவம்மாள் பயந்துபோகும்படி அழுதாள்.